அரசியலமைப்புச் சட்டத்தை நீதிபதிகள் எப்படிப் படிக்கவேண்டும்? மூன்று வழிகளும் அவற்றுக்கு நாம் கொடுக்கும் விலையும்

கோலாலம்பூரில் சட்டம் படிக்கும் மாணவர்கள், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்கள், குடியுரிமை விண்ணப்பங்களோடு அலையும் குடும்பங்களுக்கு உதவும் தொண்டர்கள் ஆகியோரிடமிருந்து ஒரே கேள்வி வெவ்வேறு உருவத்தில் வந்துகொண்டிருக்கிறது. மாதிரி நீதிமன்றப் போட்டியில் எந்த அணுகுமுறையை முன்வைத்து வாதிடுவது என்று மாணவர்கள் கேட்கிறார்கள். அமைச்சுக்கு அனுப்பும் கோரிக்கை மனுவில் உரிமையை எதன்மேல் நிறுத்துவது என்று சங்கத்தினர் கேட்கிறார்கள். வழக்குத் தொடுப்பதா, நாடாளுமன்றத்தை நம்புவதா என்று தொண்டர்கள் கேட்கிறார்கள். மூன்றுக்கும் அடியில் கிடப்பது ஒன்றே: அரசியலமைப்புச் சட்டத்தின் ஒரு வாக்கியத்துக்கு நீதிபதி எந்த வழியில் பொருள் காணவேண்டும்?

வழிகள் மூன்று. எழுத்தில் இருப்பதை இருக்கிறபடியே படிப்பது ஒன்று. இயற்றியவர்கள் என்ன எண்ணி எழுதினார்கள் என்று தேடுவது இரண்டாவது. சட்டத்தின் நோக்கத்தைப் பிடித்துக்கொண்டு இன்றைய வாழ்க்கைக்குத் தக்கபடி விரித்துப் பொருள் காண்பது மூன்றாவது. மூன்றாவது எப்போதும் சிறுபான்மையினருக்குச் சாதகம், முதலாவது எப்போதும் பாதகம் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. தீர்ப்புகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அந்த எண்ணம் தேறாது. எந்த வழியும் நமக்கு நிரந்தர உறவினர் அல்ல. எந்த வகை விதியைப் படிக்கிறோம் என்பதைப் பொறுத்தே வழியைத் தேரவேண்டும் என்பது என் கருத்து.

எதை வைத்து எடைபோடுவது

நான்கு அளவுகோல்கள் போதும். முதலாவது, விதியைப் படிக்கும் சாதாரண மனிதர் தன் நிலை என்ன என்பதை வழக்குக்கு முன்பே ஓரளவு அறிய முடிகிறதா என்பது. இரண்டாவது, நீதிபதியின் சொந்த விருப்பு வெறுப்புக்கு அந்த வழி கடிவாளம் போடுகிறதா என்பது. மூன்றாவது, வாக்குப்பெட்டியில் வெல்ல முடியாத சிறிய சமூகத்துக்கு அது பாதுகாப்புத் தருகிறதா என்பது.

நான்காவதை வெளிநாட்டுப் பாடநூல்கள் அதிகம் பேசுவதில்லை. மலேசியாவில் அதுவே முதன்மையானது. வென்ற பொருள் நிலைத்து நிற்குமா? 1789இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க அரசியலமைப்பு இதுவரை 27 முறையே திருத்தப்பட்டிருக்கிறது. ஆகவே அங்கே நீதிமன்றம் சொன்ன பொருளை மாற்றுவது மிக அரிது. நம்முடையதோ 1957 ஆகஸ்டு 31 முதல் ஐம்பதுக்கும் மேற்பட்ட முறை திருத்தப்பட்டுவிட்டது. 1969ஐ ஒட்டிய சிறு இடைவெளி நீங்கலாக, 2008 வரை ஆளும் கூட்டணியின் கையிலேயே திருத்தத்துக்குத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மை இருந்தது. அமெரிக்க விவாதத்தை அப்படியே எடுத்து இங்கே நடுகிறவர்கள் இந்த ஒரு வேறுபாட்டைக் கவனிக்கத் தவறுகிறார்கள்.

எழுத்தை எழுத்தாகப் படிக்கும் வழி

இந்த வழிக்கு நம் நாட்டில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது 1977ஆம் ஆண்டின் லோ கூய் சூன் வழக்கு. மற்ற நாட்டு அரசியலமைப்புகள் என்ன சொன்னாலும், முடிவில் நம் சட்டத்தின் சொற்களுக்கே பொருள் காணவேண்டும், பிற நாட்டுக் கோட்பாடுகள் அச்சொற்களை மீற முடியாது என்று நீதிபதி ராஜா அஸ்லான் ஷா அதில் எழுதினார். கேட்பதற்கு நேர்மையாகவே இருக்கிறது. ஆனால் அந்த வழக்கில் நடந்ததைப் பாருங்கள். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவேண்டும் என்ற உரிமை மீறப்பட்டதாக அவர் வழக்குத் தொடுத்தார். மேல்முறையீடு நிலுவையில் இருந்தபோதே, அவரைப் போன்றவர்களுக்கு அந்த உரிமை இல்லை என்று நாடாளுமன்றம் 1976இல் சட்டத்தைத் திருத்தி, அத்திருத்தம் 1957 மெர்டேக்கா (சுதந்திர) நாளிலிருந்தே செல்லும் என்றும் எழுதிவிட்டது. எழுத்து மாறியதும் உரிமை போயிற்று. எழுத்தை மட்டும் நம்புவதன் மறைமுக விலை இதுதான்: எழுத்தை மாற்றும் எண்ணிக்கை யாரிடம் இருக்கிறதோ அவரே வெல்வார்.

தமிழ்ப்பள்ளி வழக்குகளில் இந்த வழியின் இன்னொரு முகம் தெரிகிறது. தேசிய மொழியைப் பற்றிய பிரிவு 152, அதிகாரபூர்வ காரியங்கள் நீங்கலாக வேறு எந்த மொழியையும் பயன்படுத்துவதையோ, கற்பிப்பதையோ, கற்பதையோ தடுக்கக்கூடாது என்கிறது. சீன, தமிழ்ப் பள்ளிகளை மூடவேண்டும் என்று 1978இல் மக்களவையில் பேசித் தேச நிந்தனைக் குற்றச்சாட்டுக்கு ஆளான மார்க் கோடிங் வழக்கிலும், சீன மொழியில் கற்பிக்க முன்மொழியப்பட்ட மெர்டேக்கா பல்கலைக்கழகத்தின் வழக்கிலும் நீதிமன்றம் இந்த வரியை எழுத்தெழுத்தாக அளந்தது. ஒரு மொழியைக் கற்பிப்பதற்குத்தான் பாதுகாப்பு உண்டு, அந்த மொழியில் மற்ற பாடங்களைக் கற்பிப்பதற்கு இல்லை என்பது அங்கே கிடைத்த பொருள். 1982இலிருந்து தமிழ்ப்பள்ளிகளின் சட்ட நிலையைப் பற்றிய ஐயம் முழுவதும் இந்த ஒரு வேற்றுமை உருபின் மேல்தான் நின்றது.

மதமாற்ற வழக்குகளிலும் இதே கதைதான், ஆனால் முடிவு வேறு. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவரின் மதத்தைப் பெற்றோரோ பாதுகாவலரோ முடிவு செய்வார் என்கிறது பிரிவு 12(4). ஆங்கில மூலத்தில் பெற்றோரைக் குறிக்கும் சொல் ஒருமையில் இருப்பதால், தாயோ தந்தையோ ஒருவர் சம்மதித்தாலே போதும் என்று 2007இல் சுபாஷினி வழக்கில் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றத்தின் பெரும்பான்மை கூறியது. பத்தாண்டுகளுக்குப் பிறகு, 2018 ஜனவரி 29 அன்று, இஸ்லாத்துக்கு மாறிய கணவர் தம் மூன்று பிள்ளைகளையும் மதம் மாற்றியதை எதிர்த்து எம். இந்திரா காந்தி என்ற இந்துத் தாய் தொடுத்த வழக்கில் அதே நீதிமன்றம் இருவரின் சம்மதமும் வேண்டும் என்றது. நீதிபதி சைனுன் அலி எழுதிய அந்தத் தீர்ப்பு எழுத்தைத் தூக்கியெறியவில்லை. ஒருமைச் சொல் பன்மையையும் குறிக்கும் என்று அரசியலமைப்பின் பதினோராவது அட்டவணையிலேயே ஒரு விதி இருக்கிறது; அதையும், பிள்ளைகள்மீது தாய்க்கும் தந்தைக்கும் சம உரிமை உண்டு என்ற நோக்கத்தையும் தீர்ப்பு சேர்த்தே படித்தது. 2007இல் பிரிவு 12 மட்டும் படிக்கப்பட்டது, 2018இல் புத்தகம் முழுவதும் படிக்கப்பட்டது என்று நான் மாணவர்களிடம் சொல்வதுண்டு.

அந்த வழக்கை இன்னும் சற்று அருகில் வைத்துப் பார்க்கலாம். 2009இல் மதமாற்றச் சான்றிதழ்கள் வழங்கப்பட்டபோது மூன்று பிள்ளைகளும் அங்கே இல்லை. கடைசிப் பிள்ளைக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. மதம் மாறுகிறவர் தம் வாயால் உறுதிமொழி சொல்லவேண்டும் என்று பேராக் மாநிலச் சட்டமே நிபந்தனை விதித்திருந்தது. பேசவே தொடங்காத ஒரு கைக்குழந்தை அதை எப்படிச் சொல்லியிருக்க முடியும்? சான்றிதழ்கள் செல்லாமற்போனதற்கு இந்த நேரடியான எழுத்துக் குறையும் ஒரு காரணம். எழுத்தைக் கறாராகப் பிடிப்பது பலவீனமானவருக்குக் கைகொடுத்த இடம் இது. எனினும் குழந்தையைத் தாயிடம் ஒப்படைக்கவேண்டும் என்ற ஆணை, தீர்ப்பு வந்து ஆண்டுகள் சென்றும் நிறைவேறவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். பொருள் காண்பதில் வெல்வது வேறு, ஆணையை நிறைவேற்றுவது வேறு.

கைவிடப்பட்ட பச்சிளங்குழந்தையின் குடியுரிமை பற்றிய 2021ஆம் ஆண்டு சி.சி.எச். வழக்கிலும் எழுத்தே குழந்தையின் பக்கம் நின்றது. கண்டெடுக்கப்பட்ட சிசுவை அந்த இடத்திலேயே நிரந்தரமாகக் குடியிருக்கும் தாய்க்குப் பிறந்ததாகக் கொள்ளவேண்டும் என்று இரண்டாவது அட்டவணை தெளிவாகச் சொல்கிறது. நிர்வாகம் அதைப் பார்க்க மறுத்தது; நீதிமன்றப் பெரும்பான்மை பார்த்தது. விதி இத்தனை துல்லியமாக இருக்கும் இடத்தில் வேறு வழி தேடுவது வீண் வேலை, சில நேரம் ஆபத்தும்கூட.

இயற்றியவர்களின் எண்ணத்தைத் தேடும் வழி

இந்த வழிக்கு முதல் கேள்வி, இயற்றியவர்கள் யார் என்பது. அரசியலமைப்பின் வரைவைத் தயாரித்த, ரீட் பிரபு தலைமையிலான ஆணையத்தில் ஐவர் இருந்தனர்: இங்கிலாந்திலிருந்து ரீட் பிரபுவும் சர் ஐவர் ஜென்னிங்ஸும், ஆஸ்திரேலியாவிலிருந்து சர் வில்லியம் மெக்கெல், இந்தியாவிலிருந்து நீதிபதி மாலிக், பாகிஸ்தானிலிருந்து நீதிபதி அப்துல் ஹமீது. மலாயாக்காரர் ஒருவரும் இல்லை. அவர்கள் 1957இல் கொடுத்த அறிக்கை அப்படியே சட்டமாகவும் இல்லை. இஸ்லாமைக் கூட்டரசின் மதமாக அறிவிக்கும் விதியை ஆணையம் பரிந்துரைக்கவில்லை. அப்துல் ஹமீதின் தனிக் குறிப்பும் கூட்டணிக் கட்சிகளின் கோரிக்கையும்தான் அதைப் பிரிவு 3 ஆக்கின. மலாய்க்காரர்களின் சிறப்பு நிலையை 15 ஆண்டுகளுக்குப் பிறகு மறுஆய்வு செய்யலாம் என்று ஆணையம் சொன்னது. இறுதி வடிவில் அந்தக் கால வரம்பு நீக்கப்பட்டது. ஆகவே ரீட் அறிக்கையை மேற்கோள் காட்டி உரிமை கோருகிறவர், அந்த அறிக்கை ஏற்கப்பட்ட இடத்தில் நிற்கிறாரா, மறுக்கப்பட்ட இடத்தில் நிற்கிறாரா என்று முதலில் பார்த்துக்கொள்ளவேண்டும். பொது மேடைப் பேச்சுகளில் இந்தத் தவறு சர்வசாதாரணம்.

வரலாற்று வழியின் சிறந்த எடுத்துக்காட்டு 1988ஆம் ஆண்டின் சே ஒமார் வழக்கு. கட்டாய மரண தண்டனை இஸ்லாத்துக்கு முரணானது, ஆகவே பிரிவு 3இன்படி செல்லாது என்ற வாதத்தைத் துன் சாலே அபாஸ் தலைமையிலான அமர்வு நிராகரித்தது. காலனி ஆட்சியில் மதம் தனிப்பட்ட, குடும்ப விவகாரங்களுக்குள் ஒதுக்கப்பட்ட வரலாற்றைத் தொட்டுக் காட்டி, சுதந்திரத்தின்போது அந்தச் சொல் சடங்கும் சம்பிரதாயமும் சார்ந்த பொருளிலேயே வந்தது என்று தீர்ப்பு கூறியது. முஸ்லிம் அல்லாதார் பலர் இன்றும் சாய்ந்துகொள்ளும் தூண் அது.

ஆனால் வரலாற்றைத் துணைக்கழைப்பவர் அதன் தொடக்கத்தையும் தீர்மானிக்கவேண்டியிருக்கிறது. 1957இல் தொடங்கினால் ஒரு விடை கிடைக்கும். 1874 பங்கோர் உடன்படிக்கைக்கு முந்தைய மலாய் சுல்தான்களின் ஆட்சியில் தொடங்கினால் வேறு விடை கிடைக்கும். அந்த இரண்டாவது வாதமும் இன்று வலுவாகவே வைக்கப்படுகிறது. கடிவாளமாக வந்த வழியே, எங்கிருந்து தொடங்குவது என்ற தெரிவை நீதிபதியின் கையில் கொடுத்துவிடுகிறது.

தமிழ்ப்பள்ளிகளைப் பொறுத்தவரை வரலாறு நமக்கு நல்ல சாட்சி. பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் 1816இல் தமிழ் வகுப்பு தொடங்கியது. 1957ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் மலாய், சீன, தமிழ்த் தொடக்கப்பள்ளிகளைத் தேசியக் கல்வி முறைக்குள் வைத்தது. அரசியலமைப்பு கையெழுத்தாகும்போது இப்பள்ளிகள் நடந்துகொண்டிருந்தன என்பதை யாராலும் மறுக்க முடியாது. இருந்தும், 2021 டிசம்பர் 29 அன்று கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் தாய்மொழிப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு உட்பட்டவையே என்று தீர்ப்பளித்தபோது, முடிச்சு அவிழ்ந்தது எழுத்தில்தான்: இப்பள்ளிகள் பொது அதிகார அமைப்புகள் அல்ல, ஆகவே அங்கே தமிழிலோ சீனத்திலோ கற்பிப்பது அதிகாரபூர்வ காரியம் ஆகாது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 நவம்பரில் இதை உறுதி செய்தது. சங்கங்களின் மனுக்களில் இருநூறு ஆண்டுப் பெருமை பக்கம் பக்கமாக வருகிறது. தீர்ப்பைத் தாங்கிய இந்த ஒற்றை வரி பெரும்பாலும் வருவதே இல்லை.

நோக்கத்தைப் பிடித்து விரித்துப் படிக்கும் வழி

எழுத்துக்கு முதன்மை தந்த அதே ராஜா அஸ்லான் ஷாதான், 1981ஆம் ஆண்டில், நெகிரி செம்பிலானின் ஜெலெபு உண்டாங் (மரபுவழித் தலைவர்) பதவி பற்றிய வழக்கில், அரசியலமைப்பு உயிருள்ள சட்டம், அதைச் சாதாரணச் சட்டத்தைப்போல் இறுக்கிப் படிக்காமல் தாராளமாகப் படிக்கவேண்டும் என்றும் எழுதினார். இரு தரப்பு வழக்கறிஞர்களும் ஒரே நீதிபதியைத் தமக்கு ஆதரவாக மேற்கோள் காட்டும் விந்தை இதனால்தான். எனக்கு இதில் முரண் தெரியவில்லை. முதலாவது, திருத்தும் அதிகாரத்துக்கு எல்லை உண்டா என்ற கேள்வி. இரண்டாவது, சொற்களை எவ்வளவு அகலமாகப் படிப்பது என்ற கேள்வி.

இந்த வழியை அடிப்படை உரிமைகளுக்குள் அழுத்தமாகக் கொண்டு வந்தவர் நீதிபதி கோபால் ஸ்ரீராம். பிரிவு 5 பாதுகாக்கும் உயிர் என்பது வெறும் மூச்சு அன்று, பிழைப்பும் வாழ்வின் தரமும் அதில் அடங்கும் என்று 1996இல், டான் தெக் செங் என்பவரின் வழக்கில் அவர் எழுதினார். பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கு உட்பட இந்திய உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளின் தாக்கம் அதில் தெரிகிறது. வேலையிலிருந்து நீக்கப்படும் ஆசிரியருக்கும் எழுத்தருக்கும் நியாயமான நடைமுறை வேண்டும் என்பதற்கு அரசியலமைப்பிலேயே ஆதாரம் கிடைத்தது. 2009இல் லீ குவான் வோ வழக்கில் நியாயமான விசாரணைக்கான உரிமையும் அதே பிரிவுக்குள் வந்தது. 2019இல் அல்மா நூடோ வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, போதைப்பொருள் சட்டத்தின் பிரிவு 37ஏ ஒரு அனுமானத்தின் மேல் மற்றோர் அனுமானத்தை அடுக்கி, குற்றமற்றவர் என்ற நிலையையே குலைக்கிறது என்று சொல்லி அதைச் செல்லாததாக்கியது. மூன்றாவது அளவுகோலில், அதாவது வாக்கு பலம் இல்லாதவருக்கான பாதுகாப்பில், இந்த வழிக்கு இணை இல்லை.

விலை முதல் இரண்டு அளவுகோல்களில் இருக்கிறது. சுகுமார் பாலகிருஷ்ணன் வழக்கில், வாழ்க்கைத் தரம் சார்ந்த அனைத்தையும் உள்ளடக்கித் தனிமனிதச் சுதந்திரத்தை அகலமாகப் படிக்கவேண்டியதில்லை என்று 2002இல் கூட்டரசு நீதிமன்றம் கதவைச் சாத்தியது. 2010இல் சிவராசா ராசையா வழக்கில், அடிப்படை உரிமைகளைத் தாராளமாகவே படிக்கவேண்டும் என்று அதே நீதிமன்றம் கதவைத் திறந்தது. எட்டாண்டு இடைவெளியில் சட்டத்தின் ஓர் எழுத்தும் மாறவில்லை, அமர்வு மாறியது. இத்தனைக்கும் சிவராசா அந்த வழக்கில் தோற்றார்: நாடாளுமன்ற உறுப்பினர் வழக்கறிஞர் மன்ற நிர்வாகத்தில் இருக்கக்கூடாது என்ற தடை செல்லும் என்றே முடிவாயிற்று. அகலமாகப் படித்தால் வெற்றி நிச்சயம் என்று நம்புகிற மாணவர்கள் அந்தத் தீர்ப்பை இறுதிவரை படிக்கவேண்டும்.

ஒரே விதியில் மூன்றும்: தந்தை என்ற சொல்

வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்குக் குடியுரிமை தரும் விதி, தந்தை குடிமகனாக இருக்கவேண்டும் என்று சொல்லிவந்தது. குடிமகளான தாய்க்கு அதே உரிமை உண்டா? 2021 செப்டம்பரில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம், பாலின அடிப்படையில் பாகுபாடு கூடாது என்று 2001இல் சேர்க்கப்பட்ட பிரிவு 8(2)உடன் இணைத்துப் படித்து, உண்டு என்றது. 2022 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், தந்தை என்றால் தந்தைதான், மாற்றவேண்டுமானால் நாடாளுமன்றம் மாற்றட்டும் என்றது. சி.டி.இ.பி. வழக்கில் திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளையின் குடியுரிமையும் 2021இல் நான்குக்கு மூன்று என்ற கணக்கில்தான் மறுக்கப்பட்டது. ஏழு பேரில் ஒருவர் மாறியிருந்தால் ஒரு குழந்தையின் நாடே மாறியிருக்கும்.

முடிவில் 2024 அக்டோபரில் மக்களவை திருத்தத்தை நிறைவேற்றியது. எழுத்து வழியை ஆதரிப்பவர்கள் இதைத் தம் வெற்றியாகக் காட்டுகிறார்கள்: நீதிமன்றம் ஒதுங்கி நின்றதால் சட்டமே முறையாகத் திருந்தியது என்பது அவர்கள் வாதம். பாதி உண்மை. திருத்தம் பின்னோக்கிச் செல்லாது. அதற்கு முன் பிறந்த பிள்ளைகளை அது தொடவில்லை. நிரந்தரவாசிகளுக்கு இங்கே பிறக்கும் பிள்ளைகளுக்கு இயல்பாகக் கிடைத்துவந்த குடியுரிமையை நீக்கும் மாற்றமும் அதே பொட்டலத்தில் வந்தது. நிரந்தரவாசிகளுக்குரிய சிவப்பு அடையாள அட்டையோடு ஆயுளைக் கழித்த பெரியவர்கள் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள் என்பதால் இது நமக்குத் தொலைவான செய்தி அல்ல. நீதிமன்றம் ஒரு சொல்லை மட்டும் விரித்திருக்கும்; நாடாளுமன்றமோ ஒன்றைக் கொடுக்கும்போது இன்னொன்றை எடுத்துக்கொள்ளலாம்.

அடித்தளக் கட்டமைப்பு பற்றி ஒரு குறிப்பு

1973இல் கேசவானந்த பாரதி வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் ஏழுக்கு ஆறு என்ற கணக்கில் ஏற்ற கோட்பாடு இது: அரசியலமைப்பின் அடித்தளத்தை எந்தத் திருத்தமும் குலைக்க முடியாது. இங்கே 1977இல் மறுக்கப்பட்டது; நீதித்துறை அதிகாரம் பற்றிய 1988 திருத்தத்தை எதிர்கொண்ட 2017ஆம் ஆண்டின் செமினி ஜெயா தீர்ப்பிலும், பிறகு இந்திரா காந்தி தீர்ப்பிலும் உயிர் பெற்றது; அதன்பின் வந்த அமர்வுகளில் நீதிபதிகள் மீண்டும் பிளவுபட்டார்கள். நான்காவது அளவுகோலுக்கு நேரடி விடை தருவது இது ஒன்றுதான். ஆனால் இதையே ஒற்றைத் தூணாக நம்பி இன்று வழக்குத் தொடுக்க நான் யாருக்கும் ஆலோசனை சொல்லமாட்டேன்.

எந்த நிலையில் எது

வயது, எண்ணிக்கை, பட்டியல், வரையறை போன்ற துல்லியமான விதியாக இருந்தால் எழுத்து வழியே மேல்; ஆனால் அட்டவணைகள் உட்படப் புத்தகம் முழுவதையும் படிக்கவேண்டும். கூட்டரசுக்கும் மாநிலங்களுக்கும், சமூகங்களுக்கும் இடையே பேரம் பேசி எழுதப்பட்ட விதியாக இருந்தால், எழுத்தோடு வரலாற்றையும் சாட்சியாக வைக்கலாம். சபா, சரவாக் உரிமைகளுக்கு 1963ஆம் ஆண்டு ஆவணங்கள் இல்லாமல் பேசவே முடியாது. அதிகாரப் பட்டியல்களில் மட்டும் எழுத்தே முந்தும்: கிளந்தான் ஷரியா குற்றவியல் சட்டத்தின் 16 விதிகள் 2024 பிப்ரவரியில் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் செல்லாமற்போனது, குற்றவியல் யாருடைய பட்டியலில் இருக்கிறது என்ற கேள்வியால்தான். உயிர், சமத்துவம், சுதந்திரம் போன்ற அகலமான சொற்கள் நிற்கும், அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் பற்றிய இரண்டாம் பாகத்தில் நோக்க வழியைத் தயங்காமல் எடுக்கவேண்டும்; அங்கே எழுத்தை இறுக்குவது, சொல்லை அகலமாக எழுதியவர்களுக்கே எதிராகப் போவதாகும்.

மாதிரி நீதிமன்றத்துக்குப் போகும் மாணவர்கள், தாம் ஆதரிக்கும் வழியைத் தமக்குப் பிடிக்காத முடிவு தரும் வழக்கில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கட்டும். நடுவர் கேட்கப்போகும் முதல் கேள்வி அதுவே. சங்கங்கள் தங்கள் மனுவின் முதல் பக்கத்தில் பிரிவு 152ஐயும் 2021 தீர்ப்பின் காரணத்தையும் வைத்துவிட்டு, 1816ஐ இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளலாம். குடியுரிமை வழக்குக்குத் தயாராகும் குடும்பங்களுக்கு நேரம்தான் முக்கியம். அரசு தன் விருப்புரிமையில் பிள்ளைகளைப் பதிவு செய்யும் பிரிவு 15ஏக்கு இருந்த 21 வயது வரம்பை 2024 திருத்தம் 18ஆகக் குறைக்கிறது. எந்த வழியில் பொருள் கண்டாலும் மேல்முறையீடு முடிய ஆண்டுகள் ஆகும். ஆகவே நீதிமன்றத்தில் மனுவைப் பதியும் அதே வாரத்தில் தேசியப் பதிவு இலாகாவின் முகப்பிலும் விண்ணப்பத்தைக் கொடுத்து, ரசீதை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.